பிங் பச்சையாகும் இடம்

மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு பையனைப் பிடித்து, "ஏன் தம்பி, எப்பப் பார்த்தாலும் மொபைல் லெஜண்ட்ஸ்தானா?" என்று கேட்டால், "நல்லா இருக்குண்ணே" என்று முடித்துக்கொள்வான். விடாமல் பேச்சுக் கொடுத்தால்தான் மற்றவை வெளியே வரும். அவனுடைய பழைய போனில் அதுதான் திணறாமல் ஓடுகிறது. கூட்டாளிகள் நாலு பேரும் அதில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குள் லைன் வராது, வாசலில் வரும். இரவு வேலைக்கு பேக்டரி பஸ் வருவதற்குள் இரண்டு ஆட்டம் முடித்துவிடலாம். பிடித்த விளையாட்டு என்று நாம் சொல்வதில் பாதி, கைக்கு எட்டிய விளையாட்டு. இந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் வீடியோ கேம் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் அது விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், அதற்கு வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு மேம்பாட்டுக்குப் போயின. லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பக்கத்துத் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆகவே தோட்டத்துப் பையன் என்று நான் சொல்லும்போது லயத்தில் மிஞ்சியிருப்பவனும் அதில் அடக்கம், பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரனாகத் தாமானில் வளர்பவனும் அடக்கம். விளையாட்டுப் பழக்கத்தில் இருவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

முதல் தலைமுறைக்குக் குறுக்கே நின்றது மின்சாரம். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் போட்டு மாலையில் சில மணி நேரம்தான் கரண்ட் கொடுப்பார்கள். தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தாக வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அது எல்லா லயத்துக்கும் உடனே வந்து சேரவில்லை. வந்த இடங்களில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மைக்ரோ ஜீனியஸ் பெட்டி முளைத்தது. ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் விட்ட ஃபேமிகாமின் தைவான் நகல் அது. அசலை இங்கே யாரும் கண்டதில்லை, நகல்தான் அசல்.

ஒரு லயத்துக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் இருக்கும். வீட்டுக்காரப் பையன் தலைவன். மற்றவர்கள் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து முறை பார்ப்பார்கள். ஒரு உயிர் போனால் அடுத்தவன் கைக்குப் பிடி மாறும், அதுதான் சட்டம். 'கான்ட்ரா'வில் மேலே மேலே கீழே கீழே என்று தொடங்கும் ரகசிய அழுத்தல் தெரிந்தவனுக்கு ஏக மரியாதை, ஏனென்றால் முப்பது உயிர் என்பது முப்பது முறை பிடி மாறும் வாய்ப்பு. டாங்கி ஆட்டமான 'பேட்டில் சிட்டி' இங்கே அவ்வளவு ஓடியதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நின்று ஆடலாம். சண்டை குறையும், காத்திருப்பும் குறையும். தனியாக மணிக்கணக்கில் ஆடவேண்டிய கதை விளையாட்டுகள் தோட்டத்தில் வேரூன்றவே இல்லை. பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது எவன் பாத்திரத்தோடு பேசிக்கொண்டு காடு காடாக நடப்பான்?

பிளேஸ்டேஷன் வந்தபோது ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டங்கள் வந்தன. 'டெக்கன்', பிறகு கொனாமியின் 'வின்னிங் லெவன்'. பந்து விளையாட்டுத் தோட்டத்தின் ரத்தத்தில் உண்டு. திடலில் ஆடிவிட்டு வந்தவன் இரவில் திரையிலும் அதையே ஆடினான். இந்தக் கட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. கோலாலம்பூர்ப் பிள்ளை என்ன ஆடினானோ அதையேதான், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலான டிஸ்க்கில் இவனும் ஆடினான்.

பட்டணத்துக் கடைத்தெருவில் இருந்த ஆர்கேட் இயந்திரங்களுக்கு 2000ஆம் ஆண்டு முடிவு கட்டியது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே கிடக்கிறார்கள் என்று, ஆண்டு இறுதிக்குள் அந்தக் கடைகளை மூட அரசாங்கம் முடிவெடுத்தது. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை, சிசி பக்கம் திரும்பியது. சைபர் கஃபேயை இங்கே யாரும் முழுப் பெயரில் அழைப்பதில்லை. சிசி என்றால்தான் விளங்கும். மணிக்கு இரண்டு மூன்று வெள்ளி. குளிர்சாதனம், சிகரெட் வாசம், மேகி வாசம், கல்லாவில் கடை முதலாளியான தவுக்கே.

தோட்டத்துப் பையனுக்கு சிசி என்பது ஒரு பயணம். செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஏறி, பெரிய சாலை பிடித்து, பட்டணம் போகவேண்டும். தனியாகப் போனால் பெட்ரோல் கட்டாது, வீட்டிலும் விடமாட்டார்கள். நாலைந்து பேராகத்தான் போவார்கள். அவர்களுக்கென்றே தைத்ததுபோல் ஒரு விளையாட்டு அப்போது கிடைத்தது. வார்கிராஃப்ட் 3 என்ற விளையாட்டுக்குள் ரசிகர்களே வரைந்து சேர்த்த ஒரு வரைபடம் 'டோட்டா'. 2003 வாக்கில் தொடங்கி உலகெங்கும் பரவியது. இந்தப் பக்கம் ஐவர், அந்தப் பக்கம் ஐவர். கடையின் உள் வலையிலேயே ஓடும். இணையம் திணறினாலும் பாதகமில்லை. சுமாரான கணினி போதும். பிறகு சிங்கப்பூரின் கரேனா நிறுவனம், வெவ்வேறு ஊர்க் கடைகளில் இருப்பவர்கள் தங்களுக்குள் மோத வழி செய்து கொடுத்தது. ஒரு தோட்டத்துப் பையன்கள் இன்னொரு தோட்டத்துப் பையன்களை, திடலில் பந்துக்குச் சவால் விட்டதுபோல, டோட்டாவுக்குச் சவால் விட்டார்கள். 2013இல் சியாட்டலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் 'முஷி' என்ற மலேசியர் தலைமையில் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பிடித்தபோது, அதை நேரலையில் பார்த்தவர்கள் இந்த சிசி தலைமுறைதான்.

அப்புறம் சிசி தேய்ந்தது, போன் வந்தது. இன்றைய பழக்கத்தைப் புரிந்துகொள்ள இங்கேதான் நிதானிக்கவேண்டும்.

ஷாங்காய் நகரத்து மூன்டன் நிறுவனம் 2016இல் விட்ட 'மொபைல் லெஜண்ட்ஸ்', அடிப்படையில் டோட்டாவைக் கைக்குள் சுருக்கியது. ஐவருக்கு ஐவர். மூன்று பாதை, வழிநெடுகக் கோபுரங்கள், கடைசியில் எதிரியின் தளம். அதை இடித்தால் வெற்றி. டோட்டாவில் ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும். இதில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேலை செய்யும் பையனுக்கு இந்தக் கணக்கு முக்கியம். தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகும் அப்பா விடியுமுன் எழுந்துவிடுவார், ராவாங் பக்கம் ஷிப்டுக்குப் போகும் அண்ணன் விடிந்த பிறகுதான் படுப்பான். பஸ்ஸிலும் ஓய்வு நேரத்திலும் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் நிரப்பக்கூடிய ஆட்டம் இது.

கரேனாவின் 'ஃப்ரீ ஃபயர்' 2017இல் வந்தது. ஐம்பது பேர் தீவில் இறங்கி, பத்து நிமிடத்தில் ஒருவர் மிஞ்சும் ஆட்டம். அடுத்த ஆண்டு வந்த 'பப்ஜி மொபைல்' நூறு பேருக்கானது, பார்க்க இன்னும் அழகு. ஆனால் நல்ல போன் கேட்கும். நான் பார்த்த அளவில், கையில் எந்த போன் இருக்கிறதோ அதுதான் இந்த இரண்டில் எது என்பதை முடிவு செய்கிறது. பப்ஜிக்காரன் ஃப்ரீ ஃபயரை 'சின்னப் பிள்ளை கேம்' என்று கேலி செய்வான். கேலிக்கு உள்ளே இருப்பது போனின் விலைதான்.

மொபைல் லெஜண்ட்ஸ் குழுவுக்குள்ளேயும் இதே கணக்கு வேலை செய்கிறது. புதுப் போன் வைத்திருப்பவன் காட்டுக்குள் திரிந்து எதிரியை வீழ்த்தும் வேலையை எடுத்துக்கொள்வான். அதற்குக் கண்ணும் விரலும் சட்சட்டென்று ஓடவேண்டும், திரை ஒரு நொடி உறைந்தாலும் செத்தான். பழைய போன்காரன் 'டேங்க்' ஆவான். முன்னால் போய் அடி வாங்கி மற்றவர்களைக் காப்பது அவன் வேலை. அதில் திரை கொஞ்சம் தடுமாறினாலும் சமாளிக்கலாம். "இவன் டேங்க் நல்லா ஆடுவான்" என்று கூட்டாளிகள் பாராட்டும்போது, அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றும். இரண்டு வருடம் வேறு எதுவும் ஆட முடியாதவன் அதில் தேர்ந்துவிட்டான்.

இனி பிங். திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு எண் ஓடிக்கொண்டிருக்கும். விரல் தொட்ட கட்டளை தொலைத்தொடர்புக் கோபுரம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதைக் காட்டும் எண் அது. குறைவென்றால் பச்சை, ஏறினால் மஞ்சள், இன்னும் ஏறினால் சிவப்பு. 150 மில்லி வினாடி என்பது கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் எதிரி பாய்ந்து கொன்றுவிட்டுப் போகும் நேரமும் அவ்வளவேதான். சிவப்பில் ஆடுபவன் எப்போதும் சற்று முந்தைய உலகத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பான்.

செம்பனைத் தோப்பு வானொலி அலைக்கு நல்ல இடமில்லை. அடர்ந்த மட்டைகளும் இலைகளில் இருக்கும் நீரும் அலையை உறிஞ்சும். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். கோபுரங்கள் ஆள் நெருக்கமான பட்டணத்தைச் சுற்றித்தான் முதலில் எழுந்தன. 2020இல் அரசாங்கம் தொடங்கிய ஜெண்டேலா என்ற இணைய விரிவாக்கத் திட்டத்தின் கீழ் 4ஜி விரிந்தது. 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டது, 4ஜி இல்லாத போன்கள் விளையாட்டுக்குப் பயனற்றுப் போயின. இப்போது நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒவ்வொரு தோட்டத்துப் பையனுக்கும் பிங் பச்சையாகும் இடங்கள் மனப்பாடம். கோயில் மண்டபத்தில் சாலையைப் பார்த்த தூண், முச்சந்தி பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி மேடு. இருட்டிய பிறகு அந்த இடங்களில் முகங்கள் மட்டும் நீலமாகத் தெரியும். வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைப்பார். பெரிய அப்டேட் வந்தால் மட்டும் டேட்டா கரைந்துவிடும் என்று பயந்து, இலவச வைஃபை உள்ள மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரேக்கை ஒரு மணி நேரம் குடிப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் சில தெரியும். வியர்வையில் கட்டைவிரல் திரையில் ஒட்டும் என்பதால் பவுடர் டப்பா ஒன்று நடுவில் இருக்கும்; அதே டப்பா முன்பு கேரம் பலகைக்கு இருந்தது. பவர் பேங்க் ஒன்றிலிருந்து இரண்டு வயர். போன் சூடேறினால் உறையைக் கழற்றிவிட்டு ஆடுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் யார் எந்த வீரன் என்று பிரிக்கும் ஒரு நிமிடத்தில்தான் உண்மையான சண்டை. "டேய், நீ ஏற்கனவே ரெண்டு தடவ தோத்துட்ட, மேஜ் எடு" என்று ஒருவன் மந்திர வீரனைக் காட்டிச் சொல்ல, மற்றவன் முகம் சுண்டும். ஆரம்பித்த பிறகு பேச்சு குறைந்துவிடும்; "வா வா வா", "பின்னால", "போச்சு" அவ்வளவுதான். தோற்றால் ஐந்து பேருக்கும் குற்றவாளி ஒருவனே. ஜெயித்தால் ஆளுக்கு ஒரு காரணம்.

தெரியாதவர்களோடு ஆடினால் மலாய், கூட்டாளிகளோடு என்றால் மலாய் கலந்த தமிழ். ஆட்டப் பெயரில் தல இருக்கும், தளபதி இருக்கும், அம்மன் பெயரும் இருக்கும். வேறு சிலர் எந்த இனம் என்று தெரியாதபடி பெயர் வைத்துக்கொள்கிறார்கள். தோற்கும் ஆட்டத்தில் முன்பின் தெரியாதவன் முதலில் எடுப்பது இன வசையைத்தான் என்று அவர்களுக்கு அனுபவம். மைக்கை அணைத்துவிட்டு ஆடுவது இங்கே ஒரு தற்காப்புக் கலை. யூடியூபில் மட்டும் தமிழ் தாராளம். 'கேமிங் தமிழன்' போன்ற தமிழ்நாட்டுச் சேனல்களின் பேச்சு பெஸ்தாரி ஜெயாப் பையன் வாயிலும் வரும்.

மொபைல் லெஜண்ட்ஸ் வீரர்களில் பாடாங் என்றொருவன் உண்டு. மலாய் வரலாற்று நூலான செஜாரா மலாயுவில் வரும் சிங்கபுரத்துப் பலசாலி அவன். அந்த நூலில் அவனோடு மோத கடல் கடந்து வருபவன் கலிங்க நாட்டு மல்லன். பாடாங் பாறையைத் தூக்கி ஆற்று முகத்துவாரம்வரை வீசி ஜெயித்துவிடுகிறான். பாடாங்கை எடுத்து ஆடும் நம் பையன்களுக்கு எதிராளி எந்தக் கரையிலிருந்து வந்தவன் என்பது தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள்.

பணம். விளையாட்டு இலவசம், உடை காசு. 'வைரம்' என்ற ஆட்டக் காசு வாங்கி வீரனுக்கு 'ஸ்கின்' போடலாம், சில ஸ்கின்களைச் சக்கரம் சுற்றித்தான் பெறமுடியும். வருமா வராதா என்ற அந்தச் சுழற்சியில் சம்பளத்தின் ஒரு பகுதியே போய்விடுவதுண்டு. சிசி காலத்தில் விளையாட்டுக்குக் காசு கட்ட வாங்கியதற்கு எம்ஓஎல் பாயிண்ட் என்று பெயர். எம்ஓஎல், கணேஷ் குமார் பாங்கா என்ற மலேசிய இந்தியர் தலைமையில் வளர்ந்த நிறுவனம். செவன் இலெவன் கல்லாவிலேயே பாயிண்ட் வாங்க முடிந்தது. 2018இல் ரேசர் நிறுவனம் அதை வாங்கியது. அதற்கு முன் எம்ஓஎல்லின் பெரும்பங்குதாரர் டான் ஸ்ரீ வின்சென்ட் டான். செவன் இலெவனும் அவர் வட்டாரம்தான். வீட்டுடைமைக்காக நெடுங்காலம் பேசப்பட்ட மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் நிலமும் அவர் நிறுவிய பெர்ஜெயா குழுமத்தின் கைக்குத்தான் வந்தது. இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் தாத்தா வேலை செய்த மண்ணும் பேரன் வாங்கிய பாயிண்டும் ஒரே முதலாளி வட்டாரத்தில் சந்தித்துக்கொண்டதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

விளையாடுபவர்கள் என்றதும் பையன்களையே எண்ணுவது நம் பழக்கம். வேலை முடிந்து வந்து 'கேண்டி கிரஷ்' அடுக்கும் அக்காவை யாரும் கேமர் என்பதில்லை, அவரும் சொல்லிக்கொள்வதில்லை. மும்பையில் உருவான 'லூடோ கிங்' 2020 கோவிட் முடக்கத்தில் குடும்பம் குடும்பமாக ஓடியது. தாயம் தெரிந்த பாட்டிக்கு அதில் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் மொபைல் லெஜண்ட்ஸும் ஆடுகிறார்கள். ஆனால் பிங் பச்சையாகும் அந்த முச்சந்தியில் இரவு எட்டு மணிக்கு அவர்கள் உட்கார முடியாது. வீட்டுக்குள், மஞ்சள் பிங்கில், மைக்கை மூடி ஆடுகிறார்கள்.

அந்த முடக்கம்தான் போனை நிரந்தரமாகப் பிள்ளைகள் கையில் வைத்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் போனுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் என்ற வீடுகள் இங்கே நிறைய. கடன்பட்டு இரண்டாவது போன் வாங்கினார்கள். பாடம் பிறகு வகுப்பறைக்குத் திரும்பியது, போன் திரும்பவில்லை. இன்று "பிள்ளை கெட்டுப்போச்சு" என்று புலம்பும் பெற்றோரில் பலர், படிப்புக்கென்று அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர்கள்தான். அவர்கள்மேல் பழி போடுவது நியாயமில்லை.

அடிமைத்தனம் என்ற சொல்லும் இங்கே மலிவாக வீசப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் ஆடுவதை மட்டும் அது நோய் என்பதில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போகவேண்டும், மற்றெல்லாவற்றையும்விட அது முக்கியமாகவேண்டும், கேடு தெரிந்தும் தொடரவேண்டும், பொதுவாக ஓராண்டு அப்படி இருக்கவேண்டும். வேலைக்குப் போய், வீட்டுக்குக் காசு கொடுத்து, இரவில் மூன்று ஆட்டம் ஆடும் பையன் அதில் சேரமாட்டான். சம்பளத்தை எல்லாம் சக்கரத்தில் சுற்றுபவன் சேரலாம். அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதுதான் வழி, போனைச் சுவரில் அடிப்பதல்ல.

மறுபக்கம், இதில் ஆடியே பிழைத்துவிடலாம் என்ற கனவும் புழங்குகிறது. கனவுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரிலேயே நடந்தது. 2019 பட்ஜெட்டில் மின்விளையாட்டுக்கு ஒரு கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி, பிலிப்பைன்ஸின் ஃபால்கன்ஸ் ஏபி பிரென்னை 4-3 என்று வென்று பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றது. நம் மாநிலத்தின் பெயர்தான். அணியில் மலேசியரோடு பிலிப்பைன்ஸ்காரர்களும் இருந்தார்கள். அந்த மட்டத்தில் ஆடுபவர்களுக்கு நாள் முழுக்கப் பயிற்சி, பயிற்சியாளர், நிலையான இணையம் எல்லாம் உண்டு. முச்சந்தியில் பவர் பேங்க் பகிர்ந்து ஆடுபவன் அங்கே போய்ச் சேர்வது கடினம். அதை அவனிடம் நேராகச் சொல்லிவிடலாம், அவன் தாங்குவான்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் எழுந்து போனால் மற்ற நால்வரும் தோற்கக்கூடும், அவன் நன்மதிப்புப் புள்ளி குறையும், அடிக்கடி செய்தால் ரேங்க் ஆட்டத்துக்கே விடமாட்டார்கள். அதனால்தான் கூப்பிட்ட குரலுக்கு வராமல் "இருமா" என்கிறான். சாப்பாடு எடுத்து வைக்குமுன், ஆட்டம் தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேளுங்கள். பத்து என்றால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டு என்றால் அவன் தட்டை மூடி வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். அடுத்த ஆட்டம் சாப்பிட்ட பிறகுதான் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.